பதினேழாம் எண் பெட்டி

வாசலில் வந்து நிற்பவரைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. பால்காரர் தட்டினாலும் சட்டை மாட்டுவதற்குள் கதவைத் திறந்துவிடுவேன்.

நான் எழுதிய கணினி நிரலும் அப்படித்தான். இன்ஜினியரிங் படிப்பை மூன்றாம் ஆண்டில் விட்டவன் நான்; சி மொழி மட்டும் கையில் நின்றது. முந்தைய வெள்ளத்துக்குப் பிறகு, ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே எங்கள் ஆற்றங்கரைத் தெருவில் நாற்பது வீடுகளுக்கும், ஆபத்து வந்தால் படகைக் கூப்பிட, வீட்டுக்கொரு பெட்டி கொடுத்தோம். பொத்தானை அமுக்கினால், பெட்டி சிம் கார்டு வழியாகப் படகுக் கொட்டகையில் இருக்கும் என் கணினியைத் தேடி வரும். நிரலில் லிசன் என்று ஒரு வரி. அது வருபவர்களை வாசலில் வரிசையாக நிறுத்தும். அக்செப்ட் என்று இன்னொரு வரி. அது முதல் ஆளை உள்ளே விடும். உள்ளே வந்த பெட்டி தன் எண்ணைச் சொல்லும். கொட்டகையில் மணி அடிக்கும். பெட்டியில் பச்சை விளக்கு எரியும். மணியை யாராவது நிறுத்தும்வரை அடுத்த ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். அதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

தெருக் கூட்டத்தில் நானே சொல்லிக் கொடுத்தேன். பச்சை எரிந்தால் வீட்டிலேயே இருங்கள், படகு வரும். எரியாவிட்டால் காத்திருக்காமல் பள்ளிக்கூட மாடிக்கு ஏறிவிடுங்கள்.

பதினேழாம் எண் பேச்சித்தாயுடையது. வாழைத் தோட்டத்தில் கூலி வேலை. கடைசி வீட்டில் தனியாக இருந்தாள். பாம்பைக் கண்டால் அமுக்குவாள். கரண்ட் போனால் அமுக்குவாள். ஓடிப் போய்க் கேட்டால், "வேலை செய்யுதான்னு பாத்தேன்யா. வந்ததுதான் வந்தே, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ" என்பாள்.

படகுக்காரர் பெனோ அண்ணன் கடற்கரையிலிருந்து வந்தவர். அவருக்கு இது வேடிக்கை. "ஏலே ஜெனிஸ்டா, அவளுக்கு ஒரு மாப்பிள்ளயப் பாத்துக் குடுலே. மணி தன்னால நிக்கும்." கொட்டகையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவள் பெட்டி உள்ளே இருக்கும்போது மற்றவர்கள் வாசலில் நிற்கிறார்கள். அது நியாயமில்லை.

ஆவணியில் மூன்று வரி சேர்த்தேன். எண் பதினேழு என்றால் உள்ளே விடு, பச்சையை எரி, மணி அடிக்காமல் அனுப்பிவிடு. விளக்கை விட்டுவைத்தது மரியாதைக்காக. முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்த மனம் வரவில்லை.

யாரும் வருவதில்லையே என்று ஒருநாள் கேட்டாள். "பச்சை எரிஞ்சா நாங்க பாத்துட்டோம்னு அர்த்தம்க்கா. நெசமாவே தண்ணி வந்தா படகு வந்துரும்" என்றேன். நம்பினாள்.

மார்கழி முதல் வாரம், காலை எட்டு மணிக்குத் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. நான் எண்ணைச் சொன்னேன். பெனோ அண்ணன் போய் ஆட்களை ஏற்றி வந்தார். பதினொரு மணிக்குள் முப்பத்தொரு வீடு. நிரல் ஒருமுறைகூட நிற்கவில்லை.

ஒன்பது பன்னிரண்டுக்குத் திரையில் பதினேழு ஓடியது. பார்த்தேன். மறுபடி ஓடியது. அண்ணன் பக்கத்தில்தான் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால், மணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்பார். அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். அவளாகவே மாடிக்கு ஏறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டிலேயே இரு என்று பச்சை விளக்கு அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இருபத்து மூன்று முறை அமுக்கினாள். கடைசியாக, பத்து ஐம்பதுக்கு.

மறுநாள் பெனோ அண்ணன்தான் அவளைத் தோட்டத்து வேலியிலிருந்து எடுத்து வந்தார். கையைக்கூடக் கழுவாமல் என்னிடம் வந்தார்.

"ஏலே, பதினேழுல இருந்து மணியே வரலையா?"

"வரலண்ணே."

"ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் அமுக்குவா. நேத்துப் பாத்து அமுக்காம விட்டுட்டாளே, பாவி மக."

முப்பத்தொரு வீட்டைக் காப்பாற்றியதற்காகக் கோவில் முற்றத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

அன்றைய பதிவை அழித்துவிட்டேன். அந்த மூன்று வரியை அழிக்கவில்லை. கை வைத்தால் கோப்பின் தேதி மாறும், யாராவது கேட்பார்கள். பதினேழாம் எண்ணுக்குப் புதுப் பெட்டி வந்திருக்கிறது. கடைசி வீட்டுக்குக் கைக்குழந்தையோடு குடிவந்திருக்கும் அஸீலாவிடம் அதைக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று அமுக்கிப் பார்த்தாளாம். உடனே பச்சை எரிந்தது என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள்.

மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் ஒரு நாள் உட்கார்ந்து மாற்றிவிடுவேன்.