தானா வரட்டும்

– கழுவி எடுத்தாங்கன்னா, அத எங்க போடுவாங்க?

– மாலதி, அதெல்லாம் ஏன் கேக்குற?

– சும்மாதான். கேக்கக் கூடாதா?

– இந்தா பாரு. டாக்டரம்மா தெளிவா சொல்லிட்டாங்க. வயித்துல துடிப்பு நின்னுடிச்சி. இன்னிக்கே டி அண்ட் சி பண்ணி, கழுவி எடுத்துட்டா சாயந்தரம் கடலூர் போயிடலாம்.

– இன்னொண்ணும் சொன்னாங்க. ஆரம்பத்துலயே நின்னதால, கொஞ்ச நாள் பொறுத்தா தானாவே வந்துடும்னாங்க. அத மட்டும் மறந்துட்டீங்க.

– ரத்தம் ஜாஸ்தியா போனா?

– ஓடி வரச் சொன்னாங்க. மஞ்சக்குப்பத்துல வீட்ட வச்சிக்கிட்டு, பெரியாஸ்பத்திரி என்னா தூரமா? நடந்தே போயிடுவேன்.

– நடப்ப, நடப்ப. நேத்து மாடிப்படி ஏறவே செவுத்தப் புடிச்சிக்கிட்ட.

– ரெண்டு பேரும் முடிவு பண்ணியாச்சாம்மா? டாக்டர் கேக்குறாங்க.

– பண்ணிக்கிட்டே இருக்கோம், ராஜாமணி சிஸ்டர். இவருதான் மீன் மார்க்கெட்டுல பேரம் பேசுற மாதிரி விட மாட்டேங்குறாரு.

– எதுன்னாலும் உன் விருப்பம்தான்மா. தானா வர விட்டா வலி இருக்கும். உள்ள கொஞ்சம் தங்கிட்டா அப்புறமா கிளீன் பண்ண வேண்டி வரலாம். காய்ச்சல் கண்டாலோ, ரத்தம் கொட்டுனாலோ உடனே வந்துடணும். ஆரோக்கியராஜ் சார், நீங்க போயி ஒரு டீ குடிங்க. அவங்கள விட உங்க மூஞ்சிதான் வெளுத்திருக்கு.

– கேட்டியா? எப்டியும் கிளீன் பண்ணணுமாம்.

– வரலாம்னுதான் சொன்னாங்க. என்னாங்க, சிஸ்டர் போயிட்டாங்க, இப்ப சொல்லுங்க. என் உடம்புக்காகவா இவ்ளோ அவசரம்?

– பின்ன யாருக்காக?

– உங்களத்தான் கேக்குறேன்.

– கீழ்வீட்டுத் தைலம்மாள் சொன்னாங்க இல்ல, பிலோமினாவே திரும்பி வந்திருக்கான்னு. நம்ம வேதத்துல அப்டியெல்லாம் கெடையாதுன்னு அவங்கள்ட்ட சண்ட போட்டேன். ஆனா நீ தூங்குனப்புறம் வயித்துக்கிட்ட வாய வச்சி, பிலோ, பிலோன்னு கூப்புட்டேன்.

– தெரியும். நான் தூங்கல.

– இப்ப அவ உள்ள செத்துக் கெடக்குறா. சுனாமியில அலை அவள இழுத்துக்கிட்டுப் போனப்ப, கரையில காத்துக்கெடந்தேன் பாரு, பொணத்து மேல போத்துன ஒவ்வொரு துணியா வெலக்கிப் பாத்துக்கிட்டு. திரும்பவும் அதே மாதிரி, எம் புள்ள எப்ப வெளிய வரும்னு ஊட்டுல உக்காந்து காத்திருக்க முடியாது மாலதி. நீ பாத்ரூமுக்குப் போனாகூட எனக்கு அலை சத்தம் கேக்கும்.

– எனக்கு இப்பவே கேக்குது. கொழாயத் தொறந்தாலே கேக்குது.

– அப்றம் என்னா? முடிச்சிடலாம். பிலோமினாவுக்காவது ஒரு கல்லறை இருக்கு. கல்லறைத் திருநாளுக்குப் போயி மெழுகுவத்தி ஏத்துறோம். இது இன்னும் புள்ளயாவே ஆவல. வெறும் கட்டி.

– கூப்புட்டப்ப கட்டின்னா கூப்புட்டீங்க?

– என்னைய கொல்லாத.

– என்னாங்க, நம்ம பிலோவுக்கு காது குத்துனமா?

– இப்ப எதுக்கு அது?

– சொல்லுங்க.

– இல்ல. வேளாங்கண்ணியில குத்துறதா நேந்துக்கிட்டோம். பரீட்ச லீவுல போலாம்னு நீதான் சொன்ன.

– அன்னிக்கு கரையில துணிய வெலக்கி, இதான் நம்ம புள்ளன்னு காட்டுனீங்க. மொகம் அடையாளம் தெரியல. அதே மாதிரி ரோஸ் கவுனு. ஆனா காதுல ஓட்ட இருந்திச்சிங்க. ரெண்டு காதுலயும்.

– மாலதி.

– நீங்க கதறிக்கிட்டு இருந்தீங்க. அந்தப் புள்ளைக்கும் யாராவது அழுவணுமேன்னு நானும் அழுதேன். வருஷா வருஷம் அதுக்குத்தான் மெழுகுவத்தி ஏத்துறேன்.

– வேணாம், மாலதி.

– கட்டியோ புள்ளயோ, தானா வரட்டும். இந்த ஒரு தடவையாவது, நம்ம புள்ளயவே என் கையால பொதைக்க விடுங்க.