குருமனையின் கோணல்

அவைத்தலைவர் திரு. டட்னி அவர்களே! அவர் அருகே அமைதியாக வீற்றிருக்கும் போதகர் இமோஜென் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் முறைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களே! கேக்கைக் கொடுத்து என் வாயை அடைக்கப் பார்த்துத் தோற்றுப்போன தாய்மார்களே! இந்த ஊர்த் தச்சன் வால்டர் பாட்டிங்கின் எரிச்சல் கலந்த வணக்கம்!

போதகர் குடியிருக்கும் குருமனை கோணல், கோணல் என்கிறீர்களே, அது என்றைக்கு நேராக இருந்தது? ஈரம் காயாத ஓக் மரத்தை வெட்டி, சட்டம் கோத்து, இரும்பாணி ஒன்றுகூட இன்றி மர முளைகளால் முடுக்கி எழுப்பிய வீடு அது! மரம் காய்ந்தது, காய்ந்து வளைந்தது, வளைந்து ஒரு மூலையில் வாகாகச் சாய்ந்து உட்கார்ந்தது. அறுநூறு ஆண்டுகளில் அந்த வீட்டில் வாழ்ந்த போதகர்கள் வீழ்ந்தார்கள், வீடு வீழ்ந்ததா?

"அப்போ கதவு ஏன்யா கோணலா இருக்கு?"

யாரது, ஹனிசெட்டா? நல்லவேளை, கேட்டீர்! வீடு சாயச் சாய, அந்தந்தக் காலத்துத் தச்சன் கதவின் தலையைச் சீவிச் சீவிப் பொருத்தினான். கோணல் வீட்டுக்குக் கோணல் கதவு! இது நம் கட்டடக் குழுவுக்குப் புரிந்ததா?

"போட்டோல வீடு குடிச்சவன் மாதிரி நிக்குதுப்பா, நிமித்திடு" என்றார் நம் தலைவர். தீர்மானம் போட்டார்கள். சென்ற செவ்வாய்க்கிழமை காலை மூலைத் தூணுக்கு அடியில் வீட்டைத் தூக்கும் ஜாக்கி ஏறியது. இரண்டே அங்குலம்! வீடு முனகியது. குழு கைதட்டியது. உள்ளே ஆள் இருக்கிறதா என்று ஒருவராவது பார்த்தோமா?

மாடியிலிருந்து குரல் வந்தது: "யாராச்சும் இருக்கீங்களா? கதவு திறக்க மாட்டேங்குது!"

அங்கே ஆலயத்தில் காலமான நம் ஊர் ஃபன்னலின் சவப்பெட்டி அடக்க ஆராதனைக்குக் காத்திருக்கிறது. இங்கே ஆராதனை நடத்த வேண்டிய போதகர் அறைக்குள் அடைபட்டிருக்கிறார்! தள்ளினோம். இடித்தோம். அசையவில்லை.

"முந்நூறு வருஷத்துக் கதவும்மா, உடைக்க மனசு வரலை" என்றேன்.

"கதவைக் கொஞ்சுனது போதும். ஏணியை எடுத்துட்டு வாங்க!" என்றார் அம்மையார்.

அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே இறங்கினார். சிரிக்கிறீர்களா? முக்கால் மணி நேரம் கணவரின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேபெல் ஃபன்னல் சிரிக்கவில்லை. "அவர் எதுக்கும் பொறுமையா காத்திருப்பார், வால்டர். எனக்குத்தான் இன்னிக்கு முடியலை" என்றார்.

அதற்குப் பிறகும், அதற்குப் பிறகும், வரும் திங்கட்கிழமை மற்ற மூன்று மூலைகளையும் தூக்க இன்று இந்த அவையில் வாக்குக் கேட்கிறார்களே, இதை என்னவென்று சொல்வது!

அன்று ஜாக்கியைத் திருகியது யார்? டட்னியா? இல்லை, இந்தக் கை! தப்பு என்று தெரிந்தும் தீர்மானத்துக்குப் பயந்து திருகிய கை! வெட்கப்படுகிறேன். அதனால்தான் இன்று காலை யாரையும் கேட்காமல் அந்த இரண்டு அங்குலத்தையும் இறக்கிவிட்டேன்.

"தீர்மானம் இல்லாம நீ எப்படிய்யா இறக்கலாம்?"

தலைவர் அவர்களே, உட்காருங்கள்! ஒற்றை விரலால் தொட்டேன், கதவு திறந்தது.

இதோ, ஜாக்கியின் கைப்பிடி. உங்கள் மேசைமேல் வைக்கிறேன். வீட்டைத் தூக்க வேண்டும் என்று கை தூக்குகிறவர், அதே கையால் இதை எடுத்துக்கொண்டு போய்த் திருகட்டும்!

பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி, பொறுக்காதவர்களுக்கும் வணக்கம். மேபெல் அம்மா, உங்களிடம் மட்டும் மன்னிப்பு.