கஸ்பாரின் சுவர்

ரொம்பக் காலத்துக்கு முந்தி, தாழைமுனைக்கு ரோடும் வராத, குழாய்த் தண்ணியும் வராத நாளில், மதலேனாள் என்று ஒருத்தி இருந்தாளாம். நீங்கள் ஓலைக் கிடுகு பின்னுகிற இந்த இடத்தில்தான் சாயங்காலமானால் வந்து உட்காருவாளாம். கையை நிறுத்த வேண்டாம். பின்னிக்கொண்டே கேளுங்கள்.

அவள் புருசன் கஸ்பார். வள்ளத்தோடு போனவன் திரும்பவில்லை. உடம்பும் கரையேறவில்லை, வள்ளத்துப் பலகை ஒன்றுகூடக் கரையேறவில்லை. கல்லறை இல்லாத சாவு. பூப்போட ஓர் இடம் இல்லை. அப்போது இந்தச் சந்தியாகப்பர் கோயில் வெறும் ஓலைக் கொட்டகை. மதலேனாள் நேர்ந்துகொண்டாளாம்: கோயிலுக்குக் கல்சுவர் எழுப்புவேன், கடலைப் பார்த்த சுவரில் அவர் பெயரை வெட்டுவேன் என்று. எங்கே கிடந்தாலும் வெள்ளைச் சுவரைப் பார்த்து வந்துவிடுவார் என்று சொல்லுவாளாம்.

ஊரே கூடியது. மணலுக்கடியில் முருகைக்கல் கிடந்தது. என்றைக்கோ கடல் பின்வாங்கியபோது விட்டுப்போன கல், காய்ந்து இறுகிப்போனது. அதைத் தோண்டி மூன்று சுவர் எழுப்பினார்கள். கடலைப் பார்த்த நாலாவதுக்குக் கல் இல்லை.

அவள் தம்பி மிக்கேல் சங்கு குளிக்கிறவன். மணலைக் கிண்டுவானேன், எதிரேயே பார் கிடக்கிறதே என்றானாம். கரைக்கு எதிரே தண்ணிக்குள் நீளமாகப் படுத்திருக்கிற பவளப்பாறையைத்தான் பார் என்கிறோம். அந்தக் கல்லைக் கடப்பாரையால் நெம்பினால் பெயர்ந்து வந்தது, வாளால் அறுத்தால் அறுந்தது. தவிட்டு நிறம். கொண்டுவந்து மணலில் அடுக்கினால் கோழையாக ஒழுகியதாம். மறுநாள் நாறியதாம். ஈ மொய்த்ததாம். கல் வேர்க்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். நாற்றம் போய், வெளுத்து, வெயிலில் கண் கூச வேண்டும். அப்போதுதான் சுவருக்கு ஆகும்.

"கல்லு நாறுமாடா?" என்று மதலேனாள் ஒரு தடவை கேட்டாளாம்.

"மீனோட கெடந்த கல்லு யக்கா. ஒன் தம்பியே அப்படித்தான் நாறுறான்."

அவள் சிரித்துவிட்டாள். அதற்குமேல் கேட்கவில்லை. அவளுக்குச் சுவர் வேண்டியிருந்தது.

சுவர் எழும்பியது. விரல் புதையும் ஆழத்துக்குக் கஸ்பார் பெயரை வெட்டினார்கள். சாயங்காலம் அவள் அதில் சாய்ந்து உட்காருவாளாம். பகல் வெயிலை வாங்கிய கல், ஓர் ஆள் முதுகு மாதிரி வெதுவெதுப்பாக இருக்குமாம்.

அடுத்த ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பியது. வருசாவருசம் எழும்புகிற காற்றுதான். ஆனால் அலை பாரில் உடையவில்லை. கல் எடுத்த இடத்தில் ஒரு வாசல் விழுந்திருந்தது. அதன் வழியாக நேராகக் கரைக்கு வந்தது. முதலில் காயப்போட்ட வலை போயிற்று. பிறகு கரையோரத்து ரொசாரி வீடு போயிற்று. கடைசியில் ஊர் குடிக்கிற ஊற்று உப்பாயிற்று. சந்தியாகப்பருக்குக் கோபம், சப்பரம் தூக்க வேண்டும் என்றார்கள் சிலர். பாரில் இன்னும் கல் எடுத்துக் கரையில் அணை போடலாம் என்றானாம் மிக்கேல்.

மதலேனாள் பாசி எடுக்கிறவள், முங்கத் தெரியும். காற்று ஓய்ந்த ஒரு காலையில் தானே போய்ப் பார்த்தாளாம். வாசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார் தவிட்டு நிறத்தில் இருந்தது, மீன் மேய்ந்தது. நடுவில் வெறும் மணல். அறுத்த விளிம்பு மட்டும் வெள்ளையாக, கோயில் சுவர் மாதிரியே வெள்ளையாக இருந்ததாம். அப்போதுதான் அவளுக்கு அந்த நாற்றம் என்னவென்று தெரிந்ததாம். உயிரோடு இருந்த கல் செத்த நாற்றம்.

ஈரத் துணியோடு நேராகக் கோயிலுக்கு வந்தாள். கடப்பாரையை எடுத்தாள். நாலாவது சுவரின் முதல் கல்லைத் தானே நெம்பினாள். ஊர் ஓடிவந்தது. நேர்ந்த சுவரைப் பிரிக்கிறாளே, புருசன் போனதில் புத்தி கெட்டுவிட்டது என்றார்கள். மிக்கேல் குறுக்கே நின்றானாம்.

"அத்தான் பேரு வெட்டுன கல்லு அது."

"தெரியும்."

"அவருக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான் யக்கா."

"அவரு கடல்லதானடா இருக்காரு. பேரும் அங்கயே இருக்கட்டும்."

மிக்கேல் குறுக்கே நின்ற இடத்தை விட்டு விலகினானாம். பிறகு கடப்பாரையின் மறுமுனையைப் பிடித்தானாம்.

கடல் அடங்கிய மாதங்களில் கல் கல்லாக வள்ளத்தில் ஏற்றி, அந்த வாசலில் இறக்கினார்கள். பெயர் வெட்டிய கல்லைக் கடைசியாக, மேலாக வைத்தார்கள். உடனே ஒன்றும் நடக்கவில்லை. செத்த கல் செத்த கல்தானே. பச்சைப் பாசி பிடித்தது. மதலேனாள் கடலுக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறாள், எப்போது பால் காய்ச்சப் போகிறாள் என்று கேலி பேசினார்கள். கிளிமீன் வந்து பாசியைக் கொறித்துத் தின்றது.

பங்குனிப் பௌர்ணமி கழிந்து ஒரு விடியலில், பாருக்கு மேலே கடல் இளஞ்சிவப்பாக நுரைத்துக் கிடக்கும். முன்பெல்லாம் அழுக்கு என்று ஒதுக்கிவிட்டுப் போவார்கள். அந்த வருசம் மதலேனாள் அதைக் கையில் அள்ளிப் பார்த்தாளாம். மீன்சினை மாதிரி பொடிப்பொடி மணிகள். பார் சினை விட்டிருக்கிறது என்றாளாம். அந்தப் பக்கம் கொஞ்ச நாள் யாரும் தண்டு போட்டு வள்ளம் வலிக்க வேண்டாம், கல்லை மிதிக்க வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாளாம்.

மறு வருசம் பெயர்க்கல்லில் சட்டைப் பொத்தான் அளவில், தவிட்டு நிறத்தில் ஒன்று ஒட்டியிருந்தது. அதற்கடுத்த வருசம் பக்கத்தில் இன்னும் சில. அது வளர்கிற வேகம் நகம் வளர்கிற வேகம்கூட இல்லை. அவள் வருசாவருசம் முங்கி, விரலால் எழுத்தைத் தடவிப் பார்ப்பாளாம். 'ர்' முதலில் மூடியது. பிறகு 'பா' தூர்ந்தது. அலை மறுபடியும் தூரத்திலேயே உடையத் தொடங்கியது. ஊற்றில் உப்பு குறைந்தது.

வயசாகி அவளால் முங்க முடியாமல் போனது. மிக்கேலும் கிழவன்தான், ஆனாலும் அவன் போய்ப் பார்த்து வருவானாம். அவள் இங்கே, சுவர் இருந்த இடத்தில், ஓலைத் தட்டி ஓரமாகக் காத்திருப்பாளாம்.

"இப்ப எது தெரியுது?"

"'க' மட்டும்."

அப்படியே சில வருசம். ஒரு நாள் அவன் வந்து தலையைத் துவட்டிக்கொண்டே நின்றானாம்.

"மூடிட்டா?"

"மூடிட்டு யக்கா. எந்தக் கல்லுன்னே தெரியல."

"சரி. மேல மண்ணு போட்ட மாதிரி ஆச்சு" என்றாளாம். அன்றைக்குத்தான் கஸ்பாருக்காக அழுதாளாம்.

அதனால்தான் எங்கள் கோயிலுக்குக் கல்சுவர் மூன்று, ஓலைச்சுவர் ஒன்று. அதனால்தான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நீங்கள் திருவிழாவுக்கு முன்னால் அதைப் புதிதாகப் பின்னிக் கட்டுகிறீர்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு, சுவர் எழுப்ப வசதியில்லையா என்று கேட்பார்கள். கேட்கட்டும். 'கஸ்பார் பார்' என்றே பெயர் விழுந்துபோன அந்தப் பாரின் மேலே இன்றைக்கும் யாரும் தண்டு போடுவதில்லை.

கொஞ்சம் கையை நிறுத்துங்கள். தூரத்தில் உடைகிறது, கேட்கிறதா? அதுதான் நாலாவது சுவர்.