சாராயப் பானை அல்ல, குச்சி வறுக்கும் டிரம்

என் பெயர் தேன்மொழி, வயது 32, கணவர் பெயர் ராசப்பன், கொல்லிமலை பைல் நாடு கிராமத்தில் குடியிருந்து மரவள்ளியும் ராகியும் பயிர் செய்து வருகிறேன். இன்று 12.03.2003 சாயங்காலம், சாராயம் காய்ச்சியதாக என் கணவரைப் பிடித்து வைத்திருப்பது தெரிந்து, நானாகவே நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன். "மெதுவாச் சொல்லும்மா, கை வலிக்குது" என்று எழுதும் ஏட்டையா சொல்கிறார். எனக்கு மெதுவா வராதுங்க.

கிழங்கு பிடுங்கிய பிறகு மரவள்ளிக் குச்சியைக் காட்டிலேயே போட்டுக் கொளுத்துவது எங்கள் வழக்கம். பேளுக்குறிச்சிப் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில்லில் பாய்லர் பார்க்கும் செல்லமுத்து அண்ணனிடம், அதை நிலக்கரியோடு சேர்த்து எரிக்கலாமே என்று கேட்டேன். பச்சைக் குச்சி புகையும், லேசில் உடையாது, கரியோடு சேராது என்றார். "வறுத்துக் கொண்டாந்தா?" என்றேன். சிரித்தார். பிறகு, ஒரு தடவை போட்டுப் பார்ப்போம், பாய்லரில் ஸ்டீம் அழுத்தம் இறங்காவிட்டால் மலைக் குச்சி பூராவும் மில் எடுத்துக்கொள்ளும் என்றார்.

அதன் பிறகு ஒரு தார் டிரம்மில் குச்சியை நறுக்கிப் போட்டு, மூடியைச் சேற்றால் பூசி, கீழே தீ மூட்டினேன். புகை போக மூடியில் குழாய் வைத்தேன். குழாய் முனையில் சொட்டும் கறுப்புத் தண்ணீரை ஆடு நக்கிவிடக் கூடாதென்று பானை வைத்தேன். காப்பிக்கொட்டை வறுக்கிற பதம்தானுங்க, விட்டால் கரியாகிவிடும். ஆறிய பிறகு திறந்தால், குச்சி கையில் மடக்கென்று உடைந்தது. தண்ணீரில் போட்டேன், ஊறவே இல்லை. அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

இன்று காலை, வறுத்துச் சேர்த்த மூட்டைகளை டெம்போவில் ஏற்றி மில்லுக்குப் போனேன். அடுப்பிலிருந்த டிரம்முக்கு என் கணவரைக் காவல் வைத்தேன். அப்போது வந்த காவலர்கள் டிரம்மையும் குழாயையும் பானையையும் பார்த்ததும் அவரைப் பிடித்துவிட்டார்கள். "இது எம் பொண்டாட்டி வேலைங்க, எனக்கு ஒண்ணுந் தெரியாது" என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லையாம்.

அதே நேரம் மில்லில் குச்சியைக் கரியோடு கலந்து பாய்லரில் போட்டார்கள். ஸ்டீம் முள் இறங்கவே இல்லைங்க அய்யா! செல்லமுத்து அண்ணன் துண்டைச் சுழற்றிக்கொண்டு கத்தினார். நாளைக் காலை லாரி அனுப்புவதாகவும் சொன்னார். அதன் பிறகு கொழுந்தன் பூபதி ஓடி வந்து விசயத்தைச் சொன்னான், அப்படியே பஸ் ஏறினேன்.

நிலையத்துக்குள் வந்ததும், மேசை மேல் பிடித்து வைத்திருந்த என் பானையை மோந்து பார்க்கச் சொன்னேன். மோந்த ஏட்டையா இருமிக்கொண்டே வெளியே போனவர், இப்போதும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்.

டிரம் என்னுடையது, வறுத்ததும் நான். என் கணவருக்கு அடுப்பு மூட்டவே வராது. டிரம்மை உடைக்க வாசலில் கோடாலி எடுத்து வைத்திருப்பதைப் பார்த்தேன். "அவரை வேணா நாளைக்கு விடுங்க சாமி, டிரம்மை இன்னிக்கே குடுத்துடுங்க" என்று கேட்டேன். உள்ளேயிருந்து என் கணவரும், "ஆமாங்க, மொதல்ல அதைக் குடுத்துடுங்க" என்றார்.

படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, ஒரு சொல்லும் பொய்யில்லை.

(ஒப்பம்) ரா. தேன்மொழி

மேற்படி டிரம் ஒன்று, கணவர் ஒருவர், சேதமில்லாமல் பெற்றுக்கொண்டேன்.

(ஒப்பம்) ரா. தேன்மொழி