லுகாச் வீட்டுத் தட்டு

எங்கள் தெருவில் லுகாச்சைப் போல குடலில் பன்றிக்கறி அடைத்து சாசேஜ் செய்ய ஆள் கிடையாது. மிளகாய்த்தூள் அளவு அவன் கைக்குத்தான் தெரியும். அவனைக் குறை சொல்ல வந்தவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் எங்கள் ஹங்கேரியில் சொந்தப் பன்றியை அறுக்கவும் அனுமதிச் சீட்டு வேண்டும். அரசாங்கத்துக்குப் பன்றிக் கொழுப்பில் ஒரு பங்கு அளந்து கொடுத்தால்தான் சீட்டு. சீட்டில்லாமல் அறுத்தால் சிறை. நவம்பரில் நான் அப்படி ஒன்றை அறுத்தேன். சத்தம் வராமல் அதன் வாயைக் கட்டிவிட்டு, கால்களைப் பிடிக்கப் பக்கத்து வீட்டு லுகாச்சைக் கூப்பிட்டேன். வந்து பிடித்தான். பன்றி அறுத்தால் அண்டை வீட்டுக்கு ஒரு தட்டு கறி அனுப்புவது எங்கள் வழக்கம். நான் அனுப்பவில்லை. தட்டு சாட்சியாகிவிடும்.

அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. வருத்தம் உள்ளவன் கேட்டுவிடுவான். திட்டம் உள்ளவன்தான் வேலியோரம் நின்று சிரிப்பான்.

அந்தச் சமயத்தில் ஊர் மன்றச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். குலாக் பட்டியலுக்கு, அதாவது மக்களின் எதிரிகளான பணக்கார விவசாயிகளின் பட்டியலுக்கு, எங்கள் தெருவிலிருந்து ஒரு பெயர் குறைகிறதாம். பெயர் ஏறினால் நிலம் போய்விடும். எனக்குப் பதினான்கு ஏக்கர், லுகாச்சுக்குப் பன்னிரண்டு.

"ரெண்டு பேர்ல ஒருத்தர், ஆம்ப்ருஷ். யோசிச்சு வை" என்றார்.

லுகாச்சிடமும் இதையே சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

டிசம்பரில் ஒரு காலை, அவன் மனைவி பிரோஷ்கா சால்வைக்குள் சாசேஜ் தட்டை மறைத்துக்கொண்டு வந்தாள்.

"ஆறதுக்குள்ள சாப்பிடுங்கண்ணே. உங்க வீட்டுத் தட்டுதான் வழி தவறிப் போச்சு. எங்களுது சரியா வந்துருச்சு பாருங்க."

"வேற யாருக்குக் குடுத்தே?"

"உங்களுக்கு மட்டுந்தான். இந்தக் காலத்துல வேற யாரை நம்புறது?"

எனக்கு மட்டும். அது பொறி என்று புரிந்தது: வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் நானும் உடந்தை. இரண்டு துண்டு சாப்பிட்டேன், ருசியாகவே இருந்தது. மூன்றாவதைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு செயலாளரிடம் போனேன்.

விசாரணையில், தெருவில் வேறு யாராவது சீட்டில்லாமல் அறுத்தார்களா என்று நீதிபதி லுகாச்சைக் கேட்டார். சொன்னால் தண்டனை குறையும் என்றார். சாட்சி வரிசையில் இருந்த என்னை லுகாச் ஒரு தரம் பார்த்தான்.

"எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்லீங்க."

மூன்று வருடம் போட்டார்கள். கல் குவாரி முகாமில் இரண்டாவது குளிர்காலத்தை அவன் தாண்டவில்லை. பன்னிரண்டு ஏக்கரும் கூட்டுப்பண்ணைக்குப் போயிற்று. பிரோஷ்கா எங்கே போனாள் என்று நான் விசாரிக்கவில்லை.

காட்டிக்கொடுத்தது நான்தான். ஆனால் நீங்களே சொல்லுங்கள்: நீதிபதி முன்னால் நின்று அவ்வளவு சரளமாகப் பொய் சொன்னவனை நான் எப்படி நம்பியிருக்க முடியும்?