உள்ளே ஆள் இருக்கிறார்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, எங்களுக்காக நடையாய் நடக்கும் வக்கீலம்மா அவர்களே, வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் லிஃப்ட் தொழிலாளர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் இறந்துபோனவரின் அக்கா. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஐந்தாவது வரை படித்தவள். மைக் முன்னால் நிற்பது இதுதான் முதல் தடவை. செயலாளர் என்னிடம், "ரெண்டு வார்த்தை பேசினா போதும்மா, அழுகை வந்தா உக்காந்துருங்க" என்றார். அழுகை வரவில்லை ஐயா. அதை அழுது தீர்த்தாயிற்று. இந்த மூன்று வாரமாக வருவதெல்லாம் ஆத்திரம்தான். ஆத்திரத்துக்கு இரண்டு வார்த்தை போதாது.

உங்களுக்கு அவர் மூத்த மெக்கானிக். உங்கள் சங்கத்தின் பாதுகாப்புச் செயலாளர். உங்கள் வாயில் அவர் பெயர் அட்டை அண்ணன். எனக்கு அவன் தம்பி. மேடையில் 'அவர்' என்று மரியாதையாகச் சொல்லத்தான் பார்க்கிறேன், நாக்கு 'அவன்' என்றே போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் அட்டை அண்ணன்? தொழிலாளர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லிஃப்ட் ஓடும் குழிக்குள் ஒரு ஆள் இறங்கி வேலை செய்யும்போது, மேலே யாராவது தெரியாமல் சுவிட்சைப் போட்டால் அவர் நசுங்கிப் போவார். அதனால் இறங்குவதற்கு முன்னால் சுவிட்சை அணைத்து, அதன்மேல் ஒரு சிவப்பு அட்டையை மாட்டுவார்கள். 'உள்ளே ஆள் இருக்கிறார். எடுக்காதீர்கள்.' கீழே மாட்டியவர் பெயர். மாட்டியவர்தான் அதை எடுக்க வேண்டும். கட்டடத்து முதலாளியே வந்தாலும் கை வைக்கக் கூடாது. பல இடங்களில் இந்த அட்டை பெட்டிக்குள் தூங்குமாம். என் தம்பி இருந்த இடத்தில் அது ஒரு நாளாவது தூங்கியதா? தூங்க விட்டானா அவன்?

ஒரு முறை பெரிய அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் நின்றுவிட்டது. மேலே யாரோ பெரிய மனிதர்கள் காத்திருக்கிறார்கள். குழிக்குள் இருந்த தொழிலாளி, "ஏறிட்டேண்ணே!" என்று குரல் கொடுத்தார். கட்டடத்து மேலாளர் சுவிட்சுக்குக் கை நீட்டினார். என் தம்பி குறுக்கே போய் நின்றுகொண்டான்.

"அதான் ஏறிட்டேன்னு சொல்றாரேப்பா, இன்னும் என்ன?"

"குரல்தான் சார் ஏறியிருக்கு. ஆள் ஏறலையே. கண்ணால பாத்துட்டுப் போடுறேன்."

குனிந்து பார்த்தால், அந்தத் தொழிலாளியின் ஒரு கால் இன்னும் உள்ளேதான் இருந்தது. அவர் இதோ, மூன்றாவது வரிசையில் இரண்டு காலோடு உட்கார்ந்திருக்கிறார். தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம் தம்பி, நிமிர்ந்து உட்காருங்கள். நீங்கள்தான் அவனுக்குச் சிலை.

இப்படி ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் காவல் நின்றானே, அவனுக்குக் காவல் நின்றது யார்?

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பணி ஓய்வு பெற்ற நண்பருக்காக ஏழு பேர் பகலில் அந்தப் பாருக்குப் போனார்கள். ஆமாம், குடித்தான். என் தம்பி குடிக்கவே மாட்டான் என்று சொல்லி அவனைச் சாமியாராக்க நான் இங்கே வரவில்லை. எப்போதாவது குடிப்பான். குடித்தால் பழைய பாட்டைச் சுருதி இல்லாமல் பாடுவான், அவ்வளவுதான் அவன் செய்கிற தகராறு. இரண்டரை மணிக்கு மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். அவனுக்கு விடுமுறை, இருந்தான்.

அந்தப் பாரில் கழிப்பறைக்குப் போக இரண்டு படி இறங்க வேண்டும். படியில் விளக்கு எரியவில்லை. தரை ஈரம். வந்தவுடனேயே இவன் மேனேஜரிடம், "படி தெரியலைங்க, ஒரு பலகையாவது வைங்க, யாராவது விழுந்து தொலைக்கப் போறாங்க" என்று சொல்லியிருக்கிறான். அவர் சிரித்துக்கொண்டே, "அட்டைக்காரரே, இங்கேயும் அட்டையா? உக்காந்து குடிங்க!" என்றாராம். ஆறு பேர் காதால் கேட்டது இது.

அந்தப் படியில்தான் அவன் விழுந்தான். கை கழுவும் தொட்டி விளிம்பில் பின்மண்டை இடித்தது. எழுந்தான், இரண்டு வார்த்தை குழறினான், வாந்தி எடுத்தான். அடிபட்டவனா, குடித்தவனா? பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும்? ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். ஆனால் அந்தப் பாரில் ஒரு பழக்கம் இருக்கிறது. ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றால் லைசென்ஸுக்குக் கேள்வி வரும். அதனால் முடியாமல் போகிறவரைப் பின்வாசல் வழியாகத் தூக்கி, சந்தில் ஒரு பெட்டிமேல் உட்கார வைத்துவிடுவார்கள். அதற்குக் காற்றாட விடுவது என்று பெயராம். காற்றாட விட்டார்கள் என் தம்பியை! பிறகு போலீசுக்குப் போன் போட்டார்கள். என்ன சொன்னார்கள்? "எங்க பின்பக்கம் ஒரு குடிகாரன் உக்காந்திருக்கான்." விழுந்தான் என்று சொன்னார்களா? மண்டை இடித்தது என்று சொன்னார்களா? 'எங்க பார்ல குடிச்சவன்' என்றாவது சொன்னார்களா?

போலீஸ் வந்தது. மோந்து பார்த்தது. தலையைத் தொட்டுப் பார்க்கவில்லை. வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஒரு அறையில் படுக்க வைத்தது. "தெளியட்டும்." அரை மணிக்கு ஒரு தரம் உள்ளே போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்று விதி. எழுதியிருக்கிறார்கள். வக்கீலம்மா எனக்குப் படித்துக் காட்டினார்கள். நாலரைக்கு, தூங்குகிறார். ஐந்துக்கு, தூங்குகிறார். ஐந்தரைக்கு, குறட்டை விடுகிறார். ஆறுக்கு, குறட்டை விடுகிறார். எல்லாம் ஒரே பேனா, ஒரே கை, ஒரே சாய்வு.

என் தம்பி குறட்டை விடமாட்டான். எங்கள் வீட்டில் குறட்டை நான்தான். "அக்கா, நீ தூங்கினா எனக்கு மெஷின் ரூம்ல இருக்கிற மாதிரியே இருக்கு" என்பான். அது குறட்டை இல்லை, தலைக்குள் ரத்தம் கட்டிய மனிதர் மூச்சுக்குத் திணறும் சத்தம் என்று பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். "ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்மா." ஆறரைக்குக் கதவைத் திறந்து எழுப்பினார்கள். எழவில்லை.

இப்போது பாருக்குப் போனால், "நாங்க உயிரோடதாம்மா ஒப்படைச்சோம், போலீசைக் கேளுங்க" என்கிறார்கள். ஸ்டேஷனுக்குப் போனால், "விழுந்ததை அவங்க சொல்லவே இல்லையே, பாரைக் கேளுங்க" என்கிறார்கள். பார் கை காட்ட ஸ்டேஷன், ஸ்டேஷன் கை காட்ட பார். மூன்று வாரமாக இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் என் செருப்புத்தான் தேய்கிறது. கடைசியில் இரண்டு பேரும் ஒரே குரலில் ஒன்று சொல்கிறார்கள்: "அவர் ஏன் குடிச்சார்?" குடித்தவனுக்கு மண்டை உடையக் கூடாதா? குடித்தவன் உயிர் பாதி உயிரா? விற்கும்போது வாடிக்கையாளர், விழுந்தால் குடிகாரனா?

போன வாரம் ஸ்டேஷன் அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒரு தாளை நீட்டினார். 'குடும்பத்தாருக்கு யார் மீதும் புகார் இல்லை.' கையெழுத்துப் போட வேண்டுமாம். போட மாட்டேன் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "போடாதீங்கம்மா. ஆனா அன்னைக்கு நாலு மணிக்கு நீங்க போன்ல என்ன சொன்னீங்கன்னு விசாரணையில நாங்களும் சொல்ல வேண்டியிருக்கும்" என்றார்.

அவர் சொல்வதற்கு முன்னால் நானே இங்கே சொல்கிறேன். வக்கீலம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள், சொல்ல வேண்டாம் என்றீர்கள், என்னால் முடியவில்லை.

அன்றைக்கு நாலு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து எனக்குப் போன் வந்தது. "உங்க தம்பி இங்க தூங்கிட்டிருக்காரு, கொஞ்சம் ஓவராயிடுச்சு, தெளிஞ்சதும் அனுப்புறோம்" என்றார்கள். கையில் நனைந்த விரிப்பு. எனக்குக் கோபம். நான் சொன்னேன்: "இருக்கட்டும் சார், அங்கேயே கிடக்கட்டும். அப்பதான் புத்தி வரும்."

இதைத்தான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். ஸ்டேஷனுக்கும் சலவைக்கூடத்துக்கும் பத்து நிமிஷ நடை. நான் போய்ப் பார்க்கவில்லை. கண்ணால் பார்க்காமல் சுவிட்சைத் தொடாதே என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவனுடைய அக்கா, ஒரு குரலை நம்பிப் போனை வைத்துவிட்டேன்.

இன்று காலையில்தான் தம்பி மனைவியிடம் இதைச் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். "மேடையில சொல்லிருங்க அண்ணி" என்றாள். "அத வச்சு உங்களையும் பயமுறுத்தி, என்னையும் ஊமையாக்கப் பாக்குறாங்க." முன்வரிசையில்தான் இருக்கிறாள்.

அதிகாரி ஐயா, என் பங்கை நான் எடுத்துக்கொண்டேன். சாகும் வரை அது என்னோடு வரும். உங்கள் பங்கு எங்கே? நான் பார்க்காதவள். நீங்கள் பார்த்தவர்கள். நான் தூரத்தில் இருந்தவள். உங்கள் கையில்தான் கதவின் சாவி இருந்தது. வக்கீலம்மா எனக்குப் புரிகிற மாதிரி சட்டத்தைச் சொன்னார்கள்: தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத ஒருவர்மேல் நீ கை வைத்துத் தூக்கிவிட்டால், அடுத்த நல்ல கையில் சேரும் வரை அவர் உன் பொறுப்பு. பாருக்கும் அதுதான், போலீசுக்கும் அதுதான். அக்கா சொன்னாள் என்பதால் அந்தப் பொறுப்பு இறங்கிவிடாது. இதைப் படிக்க எந்தப் பள்ளிக்கூடம் வேண்டும்? என் தம்பி ஒரு சிவப்பு அட்டையில் எழுதி வைத்திருந்தானே!

அவன் தானாக நடந்து வெளியே போனான் என்று பாரின் ஆட்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் சட்டை என்னிடம் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில் என் கைக்கு வந்து, நான் துவைக்காமல் வைத்திருக்கிற ஒரே துணி அது. கறை எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியாதா? இரண்டு அக்குளிலும் பிடித்து இழுத்த கசங்கல். காலருக்குக் கீழே ரத்தம். ஷூவின் குதிகால் இரண்டும் தேய்ந்து வெளுத்திருக்கின்றன. நடந்துபோகிறவன் குதிகாலைத் தரையில் கோடு போட்டுக்கொண்டா போவான்?

அங்கே பரிமாறுகிற ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "நான் பாத்தேங்க்கா. விழுந்ததையும் பாத்தேன், இழுத்ததையும் பாத்தேன். சொன்னா வேலை போயிரும்" என்று வாசலிலேயே நின்றார். அவர் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். நான் தேடிப் பார்க்க மாட்டேன், யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். ஐயா, அந்தப் படியில் இன்னும் விளக்குப் போடவில்லையாம். நாளைக்கு அதில் இறங்கப் போவது நீங்களும்தான்.

இதோ, இது அவன் பையில் இருந்த அட்டை. அவன் கையெழுத்து. 'உள்ளே ஆள் இருக்கிறார். எடுக்காதீர்கள்.' பெயர் எழுதும் இடத்தில், அவன் பெயருக்குக் கீழே, நேற்று என் பெயரை எழுதினேன். என் எழுத்து கோணல்தான், படிக்க முடிகிறது. இந்த வழக்குக் கோப்பை அவர்கள் மூடப் பார்க்கிறார்கள். திங்கட்கிழமை விசாரணையில் இதை அந்தக் கோப்பின்மேல் மாட்டப் போகிறேன். மாட்டியவள் நான். என்னைத் தவிர யாரும் எடுக்க முடியாது. பாரும் போலீசும் தங்கள் பங்கைத் தங்கள் வாயால் சொல்லும் வரை நான் எடுக்க மாட்டேன். இது என் தம்பிமேல் ஆணை.

அவனுக்கு மாலை போட்டீர்கள், சந்தோஷம். மௌனமாக நின்றீர்கள், சந்தோஷம். இனி மௌனம் வேண்டாம், வாருங்கள். திங்கட்கிழமை காலை பத்து மணி, பழைய அரசு அலுவலகக் கட்டடம், ஆறாவது மாடி. முட்டி வலிக்கிறவர்கள் தயங்க வேண்டாம். அங்கே லிஃப்ட் இருக்கிறது. பதினோரு வருஷம் என் தம்பி பார்த்துக்கொண்ட லிஃப்ட். நம்பி ஏறி வரலாம்.