மூன்று நாள் இரைச்சல்

உங்களை இத்தனை வருஷமும் குரலாகத்தான் தெரியும், தெரசா மேடம். இவ்வளவு சின்ன உருவமாக இருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. உட்காருங்கள். ஹாம் ரேடியோக்காரர்களின் முகவரிப் புத்தகத்தில் என் விலாசத்தைத் தேடி, ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்தோடு மெட்ராஸிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டிவரை வந்திருக்கிறீர்கள். மருந்தை வாங்கிக்கொள்ள ஏன் யாரும் வரவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

பாப்பாரப்பட்டியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் முனாப்பும் நானும் எண்பத்து மூன்றில் ஒரே நாளில்தான் ஹாம் ரேடியோ பரீட்சை எழுதினோம். அவர் செட் அவரே செய்தது. அதன் சத்தம் எனக்கு எட்டும், உங்களுக்கு எட்டாது; உங்கள் குரலும் அதில் விழாது. அதனால் அவர் சொல்வதை நான் உங்களுக்குச் சொல்வேன், நீங்கள் சொல்வதை வேறு அலைவரிசையில் அவருக்கு. தினமும் காலை ஆறரைக்குச் செட்டில் வருவார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டன்ட் வேலை, நான் தனிக்கட்டை. வேறு யாரும் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை.

பேச்சுக்கு நடுவே அவர் மனைவி வஹிதா பின்னாலிருந்து, "அண்ணன் டீ குடிச்சாச்சான்னு கேளுங்க" என்பாள். லைசென்ஸ் இல்லாதவர் குரல் காற்றில் போகக் கூடாது என்று இரண்டு முறை கண்டித்திருக்கிறேன்.

போன மாதம் அவளுக்கு ரத்தத்தில் ஏதோ கோளாறு என்றார்கள். டாக்டர் எழுதிய ஊசி மருந்து தருமபுரியிலும் இல்லை, சேலத்திலும் இல்லை. உங்களிடம் கேட்டது நான்தான். அதை மறந்துவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை முனாப் சொன்னார்: "இவளுக்குச் சரியாயிட்டா பெங்களூருக்கே போயிடலாம்னு இருக்கோங்கண்ணே. மச்சான் கடையில வேலை போட்டுத் தரேன்றாரு."

"செட்டு?"

"அங்க வூட்டு மேல ஏரியல் கம்பி கட்ட வுடமாட்டாங்க. வித்துடணும்."

மறுநாள்தான் மருந்து கிடைத்துவிட்டது என்றீர்கள். யாரிடம் கொடுத்தனுப்ப என்று கேட்டீர்கள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். முனாப்பிடம், மெட்ராஸ் சரியாகக் கேட்கவில்லை, ஒரே இரைச்சல் என்றேன். அன்று கொஞ்சம் இரைச்சல் இருந்தது உண்மைதான்.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே சொன்னேன். நோய் கொஞ்சம் நீண்டால் பெங்களூர் யோசனையை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

புதன்கிழமை அவர் குரல் உடைந்திருந்தது. "மச்சானுக்குத் தந்தி அடிச்சிப் பாக்கட்டுங்களாண்ணே? பெங்களூர்ல கிடைச்சாலும் கிடைக்கும்."

"வேண்டாம். நாளைக்கு மெட்ராஸ் கட்டாயம் கிடைக்கும்" என்றேன். அவர் நான் சொன்னதைக் கேட்டார். எப்போதும் கேட்பார்.

வியாழக்கிழமை விடியற்காலையில் வஹிதா இறந்துவிட்டாள். முப்பத்தொரு வயது. அன்று காலையும் நீங்கள் கேட்டீர்கள், இன்னும் பதில் வரவில்லை என்றேன். அவள் போய்விட்டது எனக்கே அப்போது தெரியாது. பத்து மணிக்குத் தந்தி வந்தது. மாலை அடக்கத்துக்குப் போயிருந்தேன். முனாப் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எங்களுக்காக நீங்க எவ்வளவோ கஷ்டப்பட்டீங்கண்ணே" என்றார். ஊர்க்காரர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

அதனால் பிளாஸ்கைத் திறக்க வேண்டியதில்லை, மேடம். மருந்து வேறு யாருக்காவது உதவும்.

நேற்றுக் காலை முனாப் செட்டில் வந்தார். இனி பெங்களூருக்கு எதுக்குண்ணே என்றார். ஒரு மணி நேரம் பேசினார். இன்று அதைவிட அதிக நேரம். பெரும்பாலும் வஹிதாவைப் பற்றித்தான். நடுவில் அழுவார். அழுது முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பேன்.

நீங்கள் எழுந்துவிட்டீர்கள். பாப்பாரப்பட்டிக்குத்தான் போகப் போகிறீர்கள் என்று தெரிகிறது. தடுக்க மாட்டேன். ஆனால் போவதற்கு முன் ஒன்றை மட்டும் யோசியுங்கள். பாவம், அந்த மனிதருக்கு இப்போது என்னை விட்டால் யாருமே இல்லை.